தண்ணீர் மெஷினும் கணக்குக் கொப்பியும்

மாத்தளையில் பஸ் ஏறி, ரத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டன் கணவாயைத் தாண்டிப் பல்லேகமவுக்குப் போய் வந்தவர்களுக்கு ஒரு விசயம் தெரியும். கணவாய்க்கு இந்தப் பக்கம் தேயிலையும் பனியும். எந்த வளைவில் நின்றாலும் ஒரு பீலி கொட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பக்கம் இறங்க இறங்க வெயில் ஏறும். இலுக்கும்புர கழிந்து, பல்லேகமவும் கழிந்து, வில்கமுவ, ஹெட்டிபொலப் பக்கம் போய்விட்டால் தண்ணீரின் ருசியே வேறு. அங்கே ஒரு வீட்டுக் கேத்தலைத் திறந்து பாருங்கள். உள்ளே சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளைப் படை பிடித்திருக்கும். ஒரே மாவட்டம்தான். ஆனால் தண்ணீர் இரண்டு.

பழைய பல்லேகமக் கடைத்தெருப் பக்கம் இன்று களு கங்கை நீர்த்தேக்கத்தோடு சேர்ந்துவிட்டது. அதற்குப் பதிலாகக் கட்டிய புதிய லக்கல நகரம் 2018இல் திறக்கப்பட்டது. நீர்த்தேக்கம் பெரியதுதான். இருந்தாலும் குழாய் நீர் எட்டாத ஊர்களில் மக்கள் குடிப்பது கிணற்று நீரையும் குழாய்க்கிணற்று நீரையும்தான். 1990களில் வடமத்திய மாகாணத்தில், மதவாச்சி, பதவியா பக்கம், விவசாயக் குடும்பங்களில் ஒரு சிறுநீரக நோய் பரவலாகக் காணப்பட்டது. பின்னர் வில்கமுவவிலும் வவுனியாவிலும் அது இருப்பது தெரியவந்தது. நீரிழிவும் இல்லை, இரத்த அழுத்தமும் இல்லை, ஆனால் சிறுநீரகம் பழுதாகிறது. வன்னீர், புளோரைட்டு, விவசாய இரசாயனம், வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்வது என்று பல காரணங்களைச் சொல்கிறார்கள். ஒன்றும் ஒருமுகமாக நிரூபிக்கப்படவில்லை. இந்த நோயின் பெயரால்தான் 2015இல் கிளைபொசேட் களைநாசினிக்குத் தடை வந்தது. அப்போது மலையில் புல் வெட்டி நாரி ஒடிந்தவர்களுக்கு அது மறந்திருக்காது. தேயிலைக்கு 2018இல் அந்தத் தடை தளர்ந்தது.

காரணம் தெரியும்வரை காத்திருக்க முடியாது, முதலில் நல்ல தண்ணீரைக் கொடுப்போம் என்று அந்த ஊர்களில் ஆர்.ஓ. மெஷின்களைப் பூட்டினார்கள். 2015ஆம் ஆண்டளவிலிருந்து கடற்படையும் இதில் இறங்கி நூற்றுக்கணக்கான நிலையங்களைக் கட்டியது. நீர் வழங்கல் சபையும் கட்டியது, நன்கொடையாளர்களும் கட்டினார்கள். பெரும்பாலான இடங்களில் மெஷினைப் பார்ப்பது அந்த ஊர்ச் சங்கம்தான். இன்று நம் தோட்டத்துப் பிள்ளைகளிலும் சிலர் இப்படியான நிலையங்களுக்கும், போத்தல் தண்ணீர்க் கம்பனிகளுக்கும், வர்த்தக வலயத்துச் சாயத் தொழிற்சாலைகளுக்கும் ஒப்பரேட்டர் வேலைக்குப் போகிறார்கள். அப்படிப் போன ஒரு பையனின் தாய் எங்களிடம் கேட்டார்:

“சுவிச்சப் போட்டா தண்ணி வருது. அதுக்கு எதுக்குங்க ஒரு ஆளு, சம்பளமும் குடுத்து?”

நியாயமான கேள்வி. இந்த இதழின் பாடம் அதற்குப் பதில்தான்.

அட்டையும் உப்பும்

மலையில் கொழுந்து பறிக்கும்போது காலில் அட்டை ஏறினால் என்ன செய்வீர்கள்? கொஞ்சம் உப்பைப் போடுவீர்கள். அட்டை சுருண்டு, தண்ணீரைக் கக்கி விழும். உப்பு அதைச் சுடவில்லை. அட்டையின் தோல் தண்ணீரை விடும்; உப்பை இலேசில் விடாது. வெளியே உப்பு அதிகம், உள்ளே குறைவு. அப்படி இருந்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் தானாகவே உப்புக் கூடிய பக்கத்துக்கு வெளியேறிவிடும். நம் பள்ளிப் பிள்ளைகளின் விஞ்ஞானப் புத்தகத்தில் இதற்குப் பிரசாரணம் என்று பெயர். இந்தியப் புத்தகங்களில் சவ்வூடு பரவல் என்பார்கள்.

ஆர்.ஓ. மெஷின் இதையே திருப்பிச் செய்கிறது. சவ்வின் ஒரு பக்கம் உப்புத் தண்ணீர், மறுபக்கம் நல்ல தண்ணீர். உப்புப் பக்கத்தில் மோட்டாரால் பலமாக அமுக்கம் கொடுத்தால், தண்ணீர் போக விரும்பாத பக்கத்துக்குப் போகும். உப்பு பின்னுக்கு நிற்கும். ஒரு லீற்றரில் 1000 மில்லிகிராம் உப்பு இருந்தால், அதன் இழுவையைச் சரிக்கட்ட மட்டும் ஏறக்குறைய முக்கால் பார் அமுக்கம் வேண்டும். கடல் நீரில் 35,000 மில்லிகிராம் அளவில் உப்பு. அதற்கு 27 பார் அளவில் தேவை. இது சரிக்கட்ட மட்டும். நல்ல தண்ணீர் வேகமாக வர வேண்டுமென்றால் இன்னும் கூட்ட வேண்டும். கிராமத்துக் கிணற்று நீர் மெஷின்கள் 10 பார் அக்கம்பக்கத்தில் ஓடும். கடல் நீர் நிலையங்கள் 55 முதல் 70 பாரில் ஓடும். சென்னைக்குப் பக்கத்தில் 2010இல் திறந்த மீஞ்சூர் நிலையமும், யாழ்ப்பாணம் தாழையடியில் 2024இல் திறந்த நிலையமும் கடல் நீர் நிலையங்கள். வான் டயருக்கு அடிக்கும் காற்று 3 பார் அளவுதான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

பன்றியின் சிறுநீர்ப்பைத் தோலை வைத்து நொலே என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1748இலேயே பிரசாரணத்தைக் காட்டிவிட்டார். அதைத் திருப்பி வேலை வாங்க 200 வருடத்துக்கு மேல் பிடித்தது. சிட்னி லோப் என்பவரும், இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜன் என்ற விஞ்ஞானியும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 1960ஐ ஒட்டி வேலைக்காகும் முதல் சவ்வைச் செய்தார்கள். 1965இல் அங்கே கோலிங்கா என்ற சிறிய ஊருக்கு அந்த முறையில் குடிநீர் கொடுத்தார்கள். அந்த ஊரின் பிரச்சினையும் உவர்க் கிணறுதான்.

இப்போது பாவிக்கும் சவ்வு பொலிஅமைட்டு என்ற பிளாஸ்டிக் வகை. உப்பைத் தடுக்கும் பகுதியின் தடிப்பு ஒரு தலைமயிரில் முந்நூறில் ஒரு பங்கு அளவுதான். அதைத் தாங்க அடியில் வேறு இரண்டு படைகள். இந்தத் தாள்களை உறை மாதிரி ஒட்டி, இடையில் வலை வைத்து, நடுவில் ஓட்டை போட்ட குழாயைச் சுற்றிப் பாய் சுருட்டுவதுபோல் சுருட்டி, ஒரு நீளக் குழாய்க்குள் தள்ளியிருப்பார்கள். வெளியே இருந்து பார்த்தால் வெள்ளைக் குழாய் மட்டுந்தான் தெரியும். உள்ளே என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்க்க வழியில்லை. அதனால்தான் கொப்பி. அதற்குப் பிறகு வருவோம்.

இது தேயிலை வடியல்ல

பலர் இந்தச் சவ்வைத் தேயிலை வடி மாதிரி நினைக்கிறார்கள். வடியில் தேத்தண்ணீர் முழுவதும் இறங்கும், சக்கை மேலே தங்கும், கடைசியில் தட்டிக் கொட்டுவோம். சவ்வைத் தட்டிக் கொட்ட முடியாது. ஆகவே உள்ளே போகும் தண்ணீரில் ஒரு பகுதி மட்டும் சவ்வைத் தாண்டும். மறு பகுதி சவ்வின் மேல் வேகமாக ஓடி, உப்பைக் கூட்டிக்கொண்டு கழிவுக் குழாயால் வெளியேறும். கிராமத்து மெஷின்களில் இது பெரும்பாலும் பாதிக்குப் பாதி.

“பாதித் தண்ணி வீணாப் போகுதே” என்று நல்ல மனதோடு கழிவு வால்வைத் திருகி இறுக்குகிறவர்கள் உண்டு. சவ்வு கெடுவதற்கு இதைவிடச் சுருக்கு வழி கிடையாது. கணக்கைப் பாருங்கள். கிணற்று நீரில் லீற்றருக்கு 600 மில்லிகிராம் உப்பு. பாதியை நல்ல தண்ணீராக எடுத்தால் மீதிப் பாதியில் உப்பு ஏறக்குறைய 1200. முக்கால்வாசியை எடுத்தால் மீதிக் கால்வாசியில் 2400. கரைந்திருந்த சுண்ணாம்பு இனிக் கரைந்திருக்க முடியாமல் சவ்வின் மேலேயே கல்லாகப் படியும்.

கவ்வாத்து வெட்டியபின் மலையில் வீசும் டொலமைட்டை எல்லோரும் கையில் அள்ளியிருப்பீர்கள். மாத்தளைப் பக்கம் வெட்டியெடுக்கும் கல் அது. அதிலிருக்கும் கல்சியமும் மகனீசியமும்தான் நிலத்தடி நீரில் கரைந்து அதை வன்னீராக்குகின்றன. கேத்தலுக்குள் படிவதும் அதே சாதிக் கல்தான். கேத்தலில் படிந்தால் புளி போட்டுத் தேய்க்கலாம். தலைமயிரில் முந்நூறில் ஒரு பங்குத் தடிப்பைத் தேய்க்க முடியுமா?

இந்தக் கல் பிடிக்காமல் இருக்க, மெஷினுக்கு முன்னால் ஒரு சின்னக் கேனில் மருந்து வைத்திருப்பார்கள். லீற்றருக்குச் சில மில்லிகிராம் அளவில் ஒரு குட்டிப் பம்பு அதைச் சொட்டுச் சொட்டாக விடும். மருந்து தீர்ந்தாலும் மெஷின் நிற்காது; சத்தமும் மாறாது. தண்ணீர் அன்றைக்கும் வரும், மறுநாளும் வரும். ஆகவே தினமும் கேனில் மட்டத்துக்கு ஒரு கோடு போடுவது ஒப்பரேட்டரின் முதல் வேலை. கோடு இறங்கவில்லை என்றால் பம்பு அடைத்திருக்கிறது.

முன்னால் நிற்கும் மூன்று காவலர்

சவ்வுக்கு முன்னால் மணல் வடி, கரி வடி, நூல் வடி என்று மூன்று இருக்கும். மணல் வடி கலங்கலைப் பிடிக்கும். அதை ஒழுங்காகத் தலைகீழாகத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். நூல் வடி 5 மைக்ரோனுக்கு மேலான தூளைப் பிடிக்கும். அதற்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு அமுக்கமானி. புதிதாகப் போட்ட நாளில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எழுதி வையுங்கள். அது முக்கால் பார் அளவு கூடிவிட்டால் வடியை மாற்ற வேண்டும். கழுவித் திரும்பப் போடுவது காசு மிச்சமல்ல. நூல் வடியின் விலை சில நூறு ரூபாய்க் கணக்கு, சவ்வின் விலை பல பத்தாயிரம்.

கரி வடிதான் நாம் நின்று பேச வேண்டியது. அதற்குள் இருப்பது பெரும்பாலும் நம் நாட்டுச் சிரட்டையிலிருந்து செய்த கரி. இலங்கை இதை உலகத்துக்கே ஏற்றுமதி செய்கிறது. மணத்தையும் நிறத்தையும் பிடிப்பதோடு, குளோரீனையும் அது அழிக்கும். பொலிஅமைட்டுச் சவ்வுக்குக் குளோரீன் நஞ்சு. லீற்றருக்குப் பத்தில் ஒரு மில்லிகிராம் என்ற சின்ன அளவு தொடர்ந்து பட்டாலும் சவ்வு அரித்துப் போகும். கழுவித் திருத்த முடியாது.

தண்ணீர் அதிகமாக வந்த கதை

பல்லேகமவுக்குக் கீழே ஒரு ஊர். ஊரின் பெயர் வேண்டாம். அங்கே உள்ளவர்கள் நல்ல மனிதர்கள். மழைக்குப் பின் கிணறு கலங்கிவிட்டது. சங்கத்தார் கிணற்றை இறைத்து, குளோரீன் தூள் போட்டுச் சுத்தம் செய்தார்கள். சாதாரணக் கிணறென்றால் அது மிகச் சரியான வேலை. நாமும் அப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறோம். ஆனால் அந்தக் கிணற்று நீர்தான் மெஷினுக்கும் போகிறது. கரி வடியில் கரி மாற்றிப் பல காலம். இரண்டு நாள் கழித்து மெஷினைப் போட்டார்கள்.

சில வாரங்களில் ஊரெல்லாம் ஒரே சந்தோசம். முன்பு ஒரு கேன் நிரம்ப எடுத்த நேரத்தில் இப்போது ஒன்றேகால் கேன் நிரம்புகிறது. “மெஷின் இப்பத்தான் பழகிருக்கு” என்று ஒருவர் எங்களிடம் சொன்னார். நாங்களும் முதலில் சிரித்துக்கொண்டுதான் கேட்டோம். பிறகு கொப்பியைக் கேட்டோம். உப்பு அளக்கும் மீற்றரின் பற்றரி செத்துப் போய்விட்டதால் அந்தப் பத்தி காலியாக இருந்தது. புதுப் பற்றரி போட்டு அளந்தால், தொடக்கத்தில் 20க்குக் கீழே இருந்த நல்ல தண்ணீர் 150ஐத் தாண்டி நின்றது.

சவ்வில் ஓட்டை விழுந்துவிட்டால் தண்ணீர் கூடத்தான் வரும்! உப்பும் கூடவே வரும். கல் பிடித்தால் தண்ணீர் குறையும், அது எல்லோருக்கும் தெரியும். குளோரீன் அரித்தால் தண்ணீர் கூடும், அது ஒருவருக்கும் சந்தேகம் தராது. சவ்வுகளை மாற்ற வேண்டியதாயிற்று. மாற்றக் காசு சேரும்வரை மக்கள் பழையபடி கிணற்றுக்குப் போனார்கள். இதில் யாரையும் குற்றம் சொல்ல எங்களுக்கு மனமில்லை. மெஷினைக் கொடுத்த நாளில் சாவியையும் சுவிச்சையும் காட்டினார்கள். குளோரீனைப் பற்றி யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

கொப்பி

நம் பெக்டரியில் டிரையர் ஓட்டுகிறவர் தேயிலையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். வெப்பமானியைப் பார்த்து நேரத்துக்கு நேரம் எழுதுவார். எழுதாவிட்டால் டீமேக்கர் சும்மா விடமாட்டார். தண்ணீர் மெஷினுக்கும் அப்படித்தான். நாளுக்கு ஒரு தடவை, மெஷின் ஓடத் தொடங்கி அரை மணித்தியாலம் கழித்து, ஒரே நேரத்தில் இவற்றை எழுதினால் போதும்: கிணற்று நீரின் உப்பு, நல்ல தண்ணீரின் உப்பு, நிமிடத்துக்கு வரும் நல்ல தண்ணீர், கழிவு நீர், சவ்வுக்கு முன்னும் பின்னும் உள்ள அமுக்கம், தண்ணீரின் வெப்பநிலை. மீற்றர் இல்லாவிட்டால் நிமிடக் கணக்கை ஒரு வாளியும் கைக்கடிகாரமும் வைத்தே எடுக்கலாம்.

முதல் வாரத்து எண்கள்தான் மெஷினின் பிறப்புச் சான்றிதழ். பிறகு வரும் எல்லாவற்றையும் அதோடு ஒப்பிட வேண்டும். நல்ல தண்ணீரின் வரத்து 10 முதல் 15 வீதம் குறைந்தாலும், உப்புக் கசிவு அதே அளவு கூடினாலும், சவ்வுக்கு முன்பின் அமுக்க வித்தியாசம் 15 வீதம் ஏறினாலும் கழுவும் காலம் வந்துவிட்டது. 30, 40 வீதம் விழும்வரை விட்டால் கழுவினாலும் திரும்பாது. இந்தக் கணக்கில் ஒரு பொறி உண்டு. தண்ணீர் குளிர்ந்தால் வரத்துத் தானாகவே குறையும். ஒரு பாகை செல்சியசுக்கு 3 வீதம் அளவில். மார்கழி விடியற்காலையில் அளந்ததைச் சித்திரை மத்தியானத்தோடு ஒப்பிட்டுப் பயப்படக் கூடாது. வெப்பநிலையை எழுதச் சொல்வது இதற்குத்தான்.

கழுவுவது இரண்டு வகை. பாசி, கிருமிப் படை, அழுக்கு என்றால் காரக் கரைசல். கல் என்றால் அமிலக் கரைசல், சாதாரணமாக 2 வீதச் சித்திரிக்கமிலம். இரண்டும் இருந்தால் பெரும்பாலும் காரம் முதலில், நல்ல தண்ணீரால் அலசியபின் அமிலம். அளவும் சூடும் சவ்வுக் கம்பனியின் தாளில் இருக்கும், அதை மீறக் கூடாது. கையுறையும் கண்ணாடியும் போடாமல் தொடக் கூடாது. அமிலமும் குளோரீன் தூளும் ஒரே அலுமாரியில் இருக்கவே கூடாது. இரண்டும் கலந்தால் வரும் வாயு ஆளைக் கொல்லும்.

மெஷின் சும்மா இருக்கும் நாளிலும் வேலை இருக்கிறது. மின்சாரம் போனாலும், பெருநாள் லீவு என்றாலும், நிறுத்துமுன் நல்ல தண்ணீரால் உள்ளே அலச வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே நிற்கும் இரட்டிப்பு உப்பு நீர் கல்லாகும், கிருமியும் குடியேறும். இரண்டு நாளுக்கு மேல் நிற்குமென்றால் பாதுகாப்புக் கரைசல் விட்டு மூடுவார்கள். சவ்வு ஒருமுறை நனைந்தபின் காயக் கூடாது. திரும்பப் போடும்போது காற்றை வெளியேற்றி, அமுக்கத்தை மெல்ல மெல்ல ஏற்ற வேண்டும். சடாரென்று சுவிச்சைப் போட்டால் உள்ளே சுருட்டிய பாய் நெளிந்து கிழியும்.

தாய் கேட்ட கேள்விக்கு இப்போது பாதிப் பதில் கிடைத்திருக்கும். மீதிப் பாதி கழிவுக் குழாயில் இருக்கிறது.

உப்பு எங்கே போகிறது?

சவ்வு உப்பை அழிப்பதில்லை, பிரித்துத்தான் வைக்கிறது. இதை மறந்ததால் என்ன நடக்கும் என்பதற்குத் திருப்பூர் சாட்சி. 1964 ஒப்பந்தத்துக்குப் பின் இந்தியா போய்க் கோயம்புத்தூர், நீலகிரிப் பக்கம் குடியேறிய நம் சொந்தக்காரர் பலருக்கு அந்த ஊர் பழக்கம். பனியன் துணிக்குச் சாயம் ஏற நிறைய உப்புப் போடுவார்கள். சாயக் கழிவு பல வருடம் நொய்யல் ஆற்றில் இறங்கி, ஒரத்துப்பாளையம் அணையில் போய்த் தேங்கியது. பாசனத்துக்குக் கட்டிய அணையை விவசாயிகளே திறக்க வேண்டாம் என்று சொல்லும் நிலை வந்தது. அவர்கள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. சொட்டுக் கழிவும் வெளியே விடுவதில்லை என்ற ஏற்பாட்டோடுதான் பிறகு திறந்தார்கள். அங்கே சாயக் கழிவிலிருந்து சவ்வால் தண்ணீரைப் பிரித்துத் திரும்பவும் சாயத்துக்கே பாவிக்கிறார்கள். மீதி உப்பு நீரைக் காய்ச்சி உப்பையும் எடுக்கிறார்கள். காய்ச்சுகிற செலவுதான் பெரிய செலவு. ஆகவே சவ்வு நன்றாக வேலை செய்து கழிவைக் குறைத்தால்தான் பட்டறை பிழைக்கும். அங்கே சவ்வு ஒப்பரேட்டரின் கொப்பியை முதலாளி தினமும் பார்ப்பார்.

கிராமத்து மெஷினின் கழிவு அவ்வளவு மோசமில்லை. ஆனாலும் கிணற்று நீரில் இருந்த புளோரைட்டும் அதில் இரட்டிப்பாகியிருக்கும். உலகச் சுகாதார நிறுவனம் குடிநீரில் லீற்றருக்கு 1.5 மில்லிகிராம் புளோரைட்டை எல்லையாக வைத்திருக்கிறது. நம் நாட்டு அளவு 1.0. கழிவைத் தரை கழுவ, மலசலகூடத்துக்கு, வாகனம் கழுவப் பாவிக்கலாம். குடிக்கவோ சமைக்கவோ கூடாது. அதே கிணற்றின் அருகே கொட்டினால் நாளைக்கு அதையேதான் திரும்பவும் இறைப்போம்.

நம் லயத்துக்கு வேண்டுமா?

இதைப் படித்துவிட்டு, “நமக்கும் ஒன்று வாங்கலாமே” என்று யோசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறோம். சம்பள நாளைப் பார்த்து லயத்துக்கு வரும் விற்பனைக்காரர் ஒருவர் இரண்டு கிளாஸ்களில் கம்பி விட்டு மின்சாரம் கொடுத்துக் காட்டுவார். உங்கள் பீலித் தண்ணீர் மண்ணிறமாகி நுரைக்கும். அவர் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர் தெளிவாக நிற்கும். “இதைத்தான் பிள்ளைக்குக் குடுக்கிறீங்களா?” என்பார். பயப்படாதீர்கள். அந்த மண்ணிறம் அவருடைய இரும்புக் கம்பி கரைந்த துரு. உப்பு இல்லாத தண்ணீரில் மின்சாரம் சரியாக ஓடாது, கம்பி கரையாது. அவ்வளவுதான் வித்தை. அவருடைய கிளாசில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுத் திரும்பச் செய்து காட்டச் சொல்லுங்கள்.

நம் மலை ஊற்று நீரில் கரைந்த உப்பு பெரும்பாலும் 100 மில்லிகிராமுக்கும் குறைவு. அது மென்னீர், சவ்வுக்கு அங்கே வேலையே இல்லை. நம் பிரச்சினை கிருமி. 2007இல் கம்பளையில் பரவிய செங்கண்மாரி தண்ணீரோடு வந்ததுதான். கிருமியை உப்பு மீற்றர் காட்டாது. 20 என்று காட்டும் தண்ணீரிலும் வாந்திபேதி இருக்கலாம். ஊற்றுக்கு மேலே மலசலகூடம் கட்டாமல் இருப்பது, ஊற்றைச் சுற்றி வேலி, தொட்டிக்கு மூடி, குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வைப்பது ஆகியவைதான் நமக்கு வேண்டியவை. மெஷின் வாங்கும் காசில் பாதிக்கே ஒரு வரிசை லயத்தின் தொட்டியைத் திருத்தலாம் என்பது எங்கள் கணிப்பு.

ஆர்.ஓ. தண்ணீர் எடுக்கும் ஊர்களில் உறவினர் இருந்தால் அவர்களுக்கும் ஒன்று சொல்லுங்கள். அந்தத் தண்ணீரில் குளோரீன் மிச்சம் இருக்காது. அழுக்குக் கேனில் பிடித்தால் கிருமி தாராளமாக வளரும். கேனைக் கழுவ வேண்டும். இரண்டு மூன்று நாளில் முடிக்க வேண்டும்.

இளைஞர் வட்டத்துக்குக் கணக்கு

ஒரு கிராமத்து மெஷினின் கொப்பியில் இப்படி இருக்கிறது என்று வைப்போம். தை மாதம்: கிணற்று நீரின் உப்பு 600, நல்ல தண்ணீர் 18; வரத்து நிமிடத்துக்கு 10 லீற்றர், கழிவு 10 லீற்றர். பங்குனி மாதம்: கிணற்று நீர் 600, நல்ல தண்ணீர் 24, வரத்து 8 லீற்றர், கழிவு 12 லீற்றர். அமுக்கமும் வெப்பநிலையும் இரண்டு மாதமும் ஒன்றே. மருந்துக் கேனின் கோடு மூன்று வாரமாக ஒரே இடத்தில் நிற்கிறது. வரத்து எத்தனை வீதம் குறைந்தது? உப்புக் கசிவு எவ்வளவு கூடியது? என்ன நடந்திருக்கும், முதலில் எதைத் தொடுவீர்கள்? விடையைப் பார்க்குமுன் கொப்பியில் போட்டுப் பாருங்கள்.

விடை: வரத்து 10இலிருந்து 8, ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 20 வீதம் குறைவு. கசிவு 600க்கு 18 என்றால் 3 வீதம். 600க்கு 24 என்றால் 4 வீதம். தண்ணீர் குறைந்து, உப்புக் கூடியிருக்கிறது. ஆகவே இது குளோரீன் அல்ல, கல். மருந்துப் பம்பு அடைத்து மூன்று வாரம் ஆகிறது. முதலில் பம்பைத் திருத்துங்கள், அதன் பிறகே அமிலக் கழுவல். பம்பைத் திருத்தாமல் கழுவினால் அடுத்த மாதமும் கொப்பியில் இதே எண்கள் வரும்.